எல்லாரும் ஃபிட்

உடம்புக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்று கவலைப்படுகிறவர்கள் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிடுவது நல்லது. யோகா வேண்டாம், மூலிகைச் சாறு வேண்டாம், காலை நடை வேண்டாம். சிலிக்கா தூசியிலோ ஈயப் புகையிலோ குரோமியத் தண்ணீரிலோ தினம் எட்டு மணி நேரம் நின்றால் போதும். ஒரு நோயும் அண்டாது. இதை நான் சொல்லவில்லை, ஆலைகளின் சுகாதாரப் பதிவேடு சொல்கிறது. வரிசையாகப் பெயர்கள், பெயருக்கு எதிரே கையெழுத்து, கையெழுத்துக்கு மேலே ‘ஃபிட்’ என்று ரப்பர் ஸ்டாம்ப். தெருவில் போகிற நூறு பேரை நிறுத்திப் பார்த்தால் பத்துப் பேருக்காவது சளியோ முதுகு வலியோ இருக்கும். கந்தக அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற நூறு பேருக்கு அதுகூடக் கிடையாது.

நம் சட்டத்துக்கு மட்டும் இந்த விஷயம் தெரியாது போலிருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், மூன்றாம் அட்டவணை என்று போட்டு 29 நோய்களை எழுதி வைத்தது. முதலாவது ஈய நஞ்சு, நான்காவது பாதரச நஞ்சு, பன்னிரண்டாவது சிலிகோசிஸ். பஞ்சாலைக்காரர்களின் பிசினோசிஸ் உண்டு, ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரல் உண்டு, இரைச்சலில் காது போவதும் உண்டு. இவற்றில் எதையாவது ஒரு தொழிலாளியிடம் கண்டுபிடித்த டாக்டர், தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். மறைத்தால் அபராதம் 1000 ரூபாய் வரைக்கும் என்று அதில் இருந்தது. ஹெல்மெட் இல்லாமல் முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போனவரிடம் போலீஸ்காரர் கேட்கிற தொகையும் அதேதான். ஹெல்மெட்டுக்கு அபராதம் கட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே ஏகப்பட்ட பேர். பாதரசத்தை மறைத்ததற்குக் கட்டிய டாக்டர் ஒருவரையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் அந்த 29 நோய்களும் பத்திரமாக இடம் பிடித்திருக்கின்றன. சட்டப் புத்தகத்துக்குள் இருக்கிற வரைக்கும் நோய்களுக்கும் ஓர் ஆபத்தும் இல்லை.

சரி, அந்த ஸ்டாம்ப் எப்படி விழுகிறது என்று பார்ப்போம். கோவைப் பக்கம் ஒரு ஃபவுண்டரி. எது என்று கேட்க வேண்டாம், நீங்கள் எதை நினைத்தாலும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். மோட்டார் பம்புக்கு வார்ப்படம் போடுகிற இடம். மணலில் அச்சு எடுத்து, இரும்பை உருக்கி ஊற்றி, ஆறினதும் உடைத்து, ஒட்டியிருக்கும் மணலையும் பிசிறையும் கிரைண்டரால் தேய்த்து எடுப்பார்கள். அந்தத் தேய்க்கிற இடத்துக்கு ஃபெட்லிங் செக்‌ஷன் என்று பெயர். சூடு பட்டு நொறுங்கிய மணல் அங்கே கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பறக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்து நிறுத்திவிடும். தெரியாத தூசிதான் நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய் உட்கார்ந்து, அங்கே தழும்பு போடும். இதுதான் சிலிகோசிஸ். போட்ட தழும்பு ஆறாது. வேலையை விட்டு ஊருக்குப் போன பிறகும் அது பாட்டுக்கு வளரும்.

இப்படிப்பட்ட இடத்தை ‘ஆபத்தான செய்முறை’ என்று சட்டமே வகைப்படுத்தியிருக்கிறது. வேலைக்கு எடுக்கும் முன் ஒரு பரிசோதனை, பிறகு 12 மாதத்துக்கு ஒன்று. ஆகவே வருடத்தில் ஒரு நாள் மருத்துவ முகாம், வேன் வரும். கேன்டீனில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு டாக்டர் உட்காருவார். அவருக்கு வலப்பக்கம் எச்.ஆர். மேனேஜர், இடப்பக்கம் ஸ்டாம்ப் பேடு. ஊதுகிற கருவி ஒன்று இருக்கும். நுரையீரலில் எவ்வளவு காற்று இருக்கிறது, எத்தனை வேகத்தில் வெளியே வருகிறது என்று அளக்கிற ஸ்பைரோமீட்டர். ஒருவரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து, குறைந்தது மூன்று முறை சரியாக ஊத வைத்தால்தான் அந்த அளவுக்கு மதிப்பு. இங்கே ‘ஊதுங்கண்ணா... ஆச்சு, அடுத்தவர் வாங்க.’ பீகாரிலிருந்து வந்த பையனுக்கு அந்த ஒரு வாக்கியமும் புரியாது. அவன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பான். சிரித்த முகம் ஆரோக்கியத்தின் அடையாளம் என்பதால் அதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

காதுப் பரிசோதனை ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் நடக்கும். முறைப்படி செய்தால் சத்தம் புகாத அறை வேண்டும், முந்தைய பத்துப் பதினைந்து மணி நேரம் தொழிலாளி இரைச்சலில் நின்றிருக்கக் கூடாது. இவர் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர். கேட்டதா என்று சைகையில் கேட்பார்கள், தலையாட்டுவார். ஜெனரேட்டர் கேட்டிருக்கும்.

கடைசியில் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: ‘ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?’ எச்.ஆர். மேனேஜர் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். ‘இல்லீங்க.’ ஸ்டாம்ப். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஷெட்டே ஆரோக்கியமாகிவிடும். இதில் ஒரு வேடிக்கை, ஃபெட்லிங் செக்‌ஷனில் நிஜமாகவே மூச்சு வாங்குகிறவர்கள் அன்றைக்கு வரிசையில் நிற்க மாட்டார்கள். அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள், பெயர் ஆலையின் ரோலில் கிடையாது, முகாம் அன்றைக்கு ‘பிரேக்’ கொடுத்து ரூமில் படுக்க வைத்திருப்பார்கள். ஆலையின் சார்பில் வருகிற நோய்த் தடுப்பு வேறு ஒன்றும் உண்டு. சாயங்காலம் ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும். தூசி தொண்டையில் நிற்காமல் வயிற்றுக்கு இறங்கிவிடுமாம். நுரையீரலுக்கும் இரைப்பைக்கும் வெவ்வேறு குழாய் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். தூசி உறிஞ்சுகிற யந்திரத்தின் விலைக்கும் வாழைத்தாரின் விலைக்கும் உள்ள வித்தியாசம் அதைவிட மேல்படிப்பு.

கம்பெனி டாக்டரைத் திட்டிப் பயனில்லை என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை, நன்றாகவே திட்டலாம். மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தால் தொழிற்சாலை டாக்டராகலாம் என்கிறது நம் ஏற்பாடு. அந்த மூன்று மாதத்தில் கற்றுத்தருகிற பாடம் மோசமானதல்ல. மும்பையிலும் சென்னையிலும் உள்ள தொழிலாளர் நிறுவனங்களில் உருப்படியாகவே சொல்லித்தருகிறார்கள். மாதச் சம்பளம் யாரிடமிருந்து வருகிறது என்பது பாடத்திட்டத்தில் இல்லை, அதை அவர்கள் தாங்களே கற்றுக்கொள்கிறார்கள்.

முகாமில் ஃபிட்டானவர் இரண்டு வருடம் கழித்து இருமிக்கொண்டே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஓ.பி. சீட்டில் பெயர், வயது, ஊர். எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரல் முழுக்கப் புள்ளி. நம் ஊரில் நுரையீரலில் புள்ளி என்றால் அது டி.பி.தான், வேறு எதற்கும் அங்கே அனுமதியில்லை. ஆறு மாத மாத்திரை, குறையவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. சிலிகோசிஸ் இருந்தால் டி.பி.யும் எளிதாகத் தொற்றும் என்பதால் டாக்டர் பாதி சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: என்ன வேலை பார்க்கிறீர்கள்? நோயாளியிடம் இதைக் கேளுங்கள் என்று இத்தாலியில் பெர்னார்டினோ ரமாசினி என்கிற டாக்டர் புத்தகம் எழுதியது 1700-ல். மலக்குழி அள்ளுகிறவர், கண்ணாடி ஊதுகிறவர், கல் உடைக்கிறவர் என்று ஒவ்வொருவர் வேலையிடத்துக்கும் போய், நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு எழுதினார். ஔரங்கசீப் உயிரோடு இருந்த காலத்துச் செய்தி இது. நம் ஓ.பி.க்கு இன்னும் வந்து சேரவில்லை, வழியில் எங்கோ ஃபைலில் இருக்கிறது. ஒருவேளை கேட்டாலும் ‘கூலி’ என்று எழுதிக்கொள்வார்கள். பட்டாசுக்கு மருந்து கலக்குகிறவரும் கூலி, சாயத் தொட்டிக்குள் இறங்குகிறவரும் கூலி, கொத்தமல்லிக் கட்டு சுமக்கிறவரும் கூலி.

வடமாநிலப் பையன்களின் கதை இன்னும் சுலபம். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கணக்கை முடித்து தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுவார்கள். ஆலப்புழையிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வழியாக ஜார்க்கண்ட் போகிற அந்த வண்டி, தமிழ்நாட்டின் தொழில்நோய் விகிதத்தைக் குறைக்கத் தினமும் சலிக்காமல் உழைக்கிறது. அவன் நோய் ஜார்க்கண்டின் கணக்கு. அங்கே போனால் ‘நீ எங்கே வேலை பார்த்தாய், கடிதம் இருக்கிறதா?’ என்று கேட்பார்கள். மேஸ்திரியின் போன் நம்பர் இருக்கும், அது சுவிட்ச் ஆஃப்.

இதெல்லாம் சின்ன ஆலைகளின் லட்சணம், பெரிய பன்னாட்டுக் கம்பெனி என்றால் இப்படியா நடக்கும் என்று நினைப்பவர்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போக வேண்டும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த ஒரு தெர்மாமீட்டர் ஆலையைக் கழற்றிக் கொண்டுவந்து, பாம்பார் சோலைக்கு மேலே மாட்டினார்கள். முதலில் பாண்ட்ஸ், பிறகு யூனிலீவர் குழுமத்து ஹிந்துஸ்தான் லீவர். பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போனது. நடுவில் நம் ஆட்களின் மூச்சு மட்டும் உள்ளூர்ச் சரக்கு. பாதரசத்தைக் காய்ச்ச வேண்டியதில்லை, அறை வெப்பத்திலேயே ஆவியாகும். மூச்சில் போய் மூளையிலும் சிறுநீரகத்திலும் தங்கும். கை நடுங்கும், ஈறு வீங்கும், மறதி வரும், காரணமில்லாமல் கோபம் வரும். உலகத்தில் யாருக்கெல்லாம் காய்ச்சலோ அவர்களின் நாக்குக்கடியில் வைக்க இங்கே கருவி செய்தார்கள். செய்கிறவர்கள் உடம்பில் இருந்ததை அளக்க அந்தக் கருவியில் கோடு போடவில்லை.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு குவிந்து கிடந்ததை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. அதன் பிறகு நடந்ததுதான் மருத்துவ வரலாற்றில் இடம்பெற வேண்டியது. கழிவுக்கு வைத்தியம் பார்க்க முடிவானது. 2003-ல் பாதரசம் கலந்த 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பி, பென்சில்வேனியாவில் அதற்கென்றே உள்ள ஆலையில் சுத்திகரித்தார்கள். விசா, டிக்கெட், நிபுணர் எல்லாம் கழிவுக்குக் கிடைத்தது. அந்தக் கழிவோடு அறையில் நின்ற மனிதர்களுக்கு வத்தலக்குண்டு பஸ்.

தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நிபுணர் குழு அமைந்தது. உடம்பில் இருப்பவற்றுக்கும் ஆலைக்கும் தொடர்பு காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று 2007-ல் குழு சொன்னது. உடம்பில் சேர்ந்த பாதரசத்தில் பாதி ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வெளியேறிவிடும். கெடுத்த நரம்பு மட்டும் கெட்டபடியே இருக்கும். ஆலை மூடி ஆறு வருடம் கழித்து ஒருவரை உட்கார வைத்துச் சாட்சி கேட்டால் ரத்தம் என்ன சொல்லும்? வேலையில் இருந்தபோது எடுத்த பரிசோதனைக் கணக்கு பேச வேண்டும். அதை வைத்திருந்தது யார்? ஆலை. ஆபத்தான தொழிலில் இருப்பவரின் மருத்துவக் குறிப்பை அவரே பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-ல் இன்னும் ஒரு படி மேலே போய், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருடம் குறிப்பைப் பாதுகாக்க வேண்டும் என்றது. நாம் ரேஷன் கார்டையே நாற்பது வருடம் பாதுகாக்கிற ஜனங்கள். ஆலைகளுக்குத்தான் கரையான் தொல்லை.

2011-ல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் குழுவோ, தொழிலாளர்கள் மட்டுமல்ல, அவர்களின் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டிருக்க முகாந்திரம் இருக்கிறது என்றது. ஒரே தொழிலாளி, ஒரு குழுவின் முன்னால் ஃபிட், இன்னொரு குழுவின் முன்னால் அன்ஃபிட். ஒருவருக்கும் நோயில்லை என்று கம்பெனி கடைசி வரை சொன்னது. பிறகு 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டு, கருணைத் தொகை கொடுத்தது. நோயில்லாத 591 பேருக்குப் பணம் கொடுக்கிற பெருந்தன்மை யாருக்கு வரும்? மண்ணைச் சுத்தப்படுத்தும்போதும் இதே பெருந்தன்மைதான், கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று மண்ணுக்கும் ஃபிட் கொடுத்தார்கள்.

இதில் என்னைக் கொதிக்க வைப்பது வேறு ஒன்று. மெஷின் வந்த அதே நியூயார்க் மாநிலத்தில் 1980களின் பிற்பகுதியில் தொழில்நோய்க்கென்று அரசே மருத்துவமனைகளின் வலைப்பின்னல் ஒன்றைத் தொடங்கியது. வாட்டர்டவுன்காரர்கள் போகிற தூரத்தில் சிராக்யூஸில் ஒன்று இருக்கிறது. அங்கே டாக்டர் முதலில் கேட்பது வேலையைப் பற்றி: பதினெட்டு வயதிலிருந்து என்னென்ன வேலை, எந்த அறை, எந்த ரசாயனம், ஜன்னல் இருந்ததா. டாக்டரோடு, வேலையிடத்துத் தூசியையும் ஆவியையும் அளக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். நஷ்டஈட்டுப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஒரு சமூகப் பணியாளர் இருப்பார். செலவுக்கு, முதலாளிகள் கட்டுகிற தொழிலாளர் காப்பீட்டுப் பிரீமியத்தின் மேல் ஒரு சின்ன வரி. அமெரிக்கா சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை, ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனிகள் அங்கே செய்த அயோக்கியத்தனத்துக்குத் தனியாக எழுத வேண்டும். ஆனால் கப்பலில் மெஷின் வந்தது, பாதரசம் வந்தது, கண்ணாடி வந்தது. சிராக்யூஸ் டாக்டர் கேட்கிற அந்தக் கேள்விகளுக்கு மட்டும் கப்பலில் இடம் இல்லாமல் போய்விட்டது.

நம்மிடமும் மையம் இல்லாமல் இல்லை. சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொழில்நோய் மையம் இருக்கிறது, தென் மண்டலத்துக்கே. அதைப் பார்க்க ஒரு தொழிலாளிக்கு முதலில் இ.எஸ்.ஐ. அட்டை வேண்டும். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் என்றால் கிடையாது. கான்ட்ராக்டர் பணம் கட்டாவிட்டாலும் கிடையாது. கல் குவாரி, செங்கல் சூளை, வீட்டுக்குள் பட்டறை என்றால் பேச்சே இல்லை. அட்டை இருக்கிறவர் ஊர் டிஸ்பென்சரிக்குப் போய், அங்கிருந்து பெரிய இ.எஸ்.ஐ.க்குச் சீட்டு வாங்கி, அங்கே யாருக்காவது சந்தேகம் வந்து, சென்னைக்கு எழுதிக் கொடுத்து, லீவு போட்டு, மூச்சு வாங்க ரயிலேறி, மெடிக்கல் போர்டு முன்னால் நின்று, ‘இந்த நோய் இந்த வேலையால் வந்தது’ என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கத் தேவையான காகிதம் முதலாளியிடம் இருக்கிறது. அவரிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்டால் கொடுப்பார், கேட்பவருக்கு நாளையிலிருந்து வேலை இல்லை என்கிற காகிதத்தையும் சேர்த்து. இத்தனைக்கும் மாதாமாதம் சம்பளத்தில் 0.75 சதவீதத்தைத் தொழிலாளியே இ.எஸ்.ஐ.க்குக் கட்டுகிறார்.

ஆலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த வழியும் இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலுக்கடியில் போகிற உர ஆலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்துச் சனங்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பல பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அமைச்சர்கள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன. அடுத்த மாதமும் இருமல் நிற்காதவர் எங்கே போவது? காற்றையும் உடம்பையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒரு டாக்டர் வடசென்னையில் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்? அனல் மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் சாம்பல் குளமும் வரிசையாக நிற்கிற ஊரில் அந்த ஓர் அறைக்கு மட்டும் நிலம் கிடைக்கவில்லை.

முடியாது, பணமில்லை, ஆளில்லை என்பார்கள். பாய்லருக்கு முடிகிறதே. 1923-ல் வெள்ளைக்காரன் பாய்லர் சட்டம் போட்டான். இன்றும் அதே வழியில் பாய்லரை வருடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஆற வைத்து, உள்ளே இறங்கித் தட்டிப் பார்த்து, அரசு இன்ஸ்பெக்டரோ அரசு அங்கீகரித்த வெளியாளோ சான்று கொடுத்தால்தான் மறுபடி பற்ற வைக்க முடியும். சொந்த ஆளை வைத்து, கேன்டீன் மேசையில் உட்கார்ந்து, ‘ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?’ என்று பாய்லரைக் கேட்டு ஸ்டாம்ப் போட எந்த முதலாளியும் துணிவதில்லை. பாய்லர் வெடித்தால் ஷெட் போகும், மெஷின் போகும், ஆர்டர் போகும், இன்ஷூரன்ஸ்காரர் வந்து ஆயிரம் கேள்வி கேட்பார். ஃபெட்லிங் செக்‌ஷனில் ஒருவர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டால் கிரைண்டருக்கு ஒன்றும் ஆகாது. கேட்டுக்கு வெளியே ஏற்கெனவே நாலு பேர் ஆதார் அட்டையோடு நிற்கிறார்கள்.